அரணைக்கு இரண்டு சாட்சிகள்

உங்கள் துறைத் தலைவரும் நானும் சென்னையில் ஒரே மேசையில் தவளை அறுத்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவள் மதுரைக்குப் போனாள், நான் ஃபிஜிக்குத் திரும்பினேன். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு கமலா. எப்படி அளக்கறது, எப்படிப் பிரிச்செடுக்கறதுன்னு எழுதாதே. அதையெல்லாம் நான் சொல்லிக் கொடுத்துக்கறேன்" என்றாள். எனக்கும் அது சௌகரியம்தான். கருவிகள் நான் இருந்த காலத்தைவிட எவ்வளவோ மாறிவிட்டன. நான் சொல்லக்கூடியது வேறு விஷயம்.

என் வேலைக்காலத்தில் நான் மிகவும் திணறிப் போனது ஓர் அரணையின் பொருட்டு.

எங்களுடையது ஃபிஜியில் தவுவா என்ற ஊரில் கரும்பு போட்ட குடும்பம். சின்ன வயதில் நான் ஓர் அரணையைப் பிடித்துக் காலி பால் டப்பாவில் அடைத்து வைத்ததைப் பார்த்து அம்மா அலறினாள். "அரணை கடிச்சா மரணம்டி." அது கடிக்கத்தான் செய்தது. விரலில் ஊசி பட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான். அன்று முழுக்கச் சாவை எதிர்பார்த்துப் படுத்திருந்துவிட்டு, சாயங்காலம் பசிக்கிறது என்று எழுந்து போய் ரொட்டி கேட்டேன். மற்றவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

பிறகு தலைநகரான சுவாவில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தீவு தீவாகப் போய் அரணை சேகரித்தேன். உடம்பின் நடுவில் செதில் எத்தனை வரிசை, விரலடியில் மடிப்பு எத்தனை, தலையோட்டு எலும்புகள் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்து, எந்தத் தீவின் அரணை எதற்குச் சொந்தம் என்று வகுப்பது என் வேலை. எண்பத்தேழில் முதல் ராணுவப் புரட்சி வந்தபோது துறையில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எலும்பு பார்த்தேன். பல வருஷ வேலைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஒரு வறண்ட சிறு தீவின் அரணைகள், எங்கள் பெரிய தீவான விட்டிலேவுவின் அரணைகளுக்கு நெருங்கிய உறவு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் சுரேந்திரன் எங்கள் துறைக்கு வந்தான். பா என்ற ஊரில் வரதோலிப் பகுதிக்காரன். வெளிநாட்டில் டி.என்.ஏ. வேலை கற்றுக்கொண்டு, ஊரிலேயே இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தவன். அவனை விட்டால் கல்லூரியில் என்னோடு தமிழ் பேச ஆள் இல்லை. அவன் தமிழிலும் ஹிந்திதான் பாதி. நான் சேகரித்த அரணைகளின் வால் நுனிகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது என்று இருவருமாக ஏற்பாடு செய்தோம். என் எலும்பு சொன்னதை அவன் மூலக்கூறு உறுதிப்படுத்தும், சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாம் என்பது எங்கள் எண்ணம்.

முடிவு வந்தது இரண்டாயிரமாவது ஆண்டில். ஒரு கும்பல் பாராளுமன்றத்துக்குள் ஆயுதங்களோடு புகுந்து பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்திருந்த வாரங்கள் அவை. சுவாவில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் கடைகள் எரிந்திருந்தன. கல்லூரியில் வகுப்புகள் இல்லை. நானும் சுரேனும் இன்னும் சிலரும் மட்டும் பகலில் வந்துவிட்டு ஊரடங்குக்கு முன் வீடு திரும்புவோம்.

சுரேன் என் அறைக்கு வந்து கதவருகிலேயே நின்றான்.

"அக்கா, மேற்குத் தீவு அரணை விட்டிலேவு அரணையோட சேரல."

"பின்ன யாரோட சேருது?"

"தவெயுனியோட."

தவெயுனி நாட்டின் மறு கோடியில், வடகிழக்கில் இருக்கும் மழைத்தீவு. நடுவில் கடலும் இரண்டு பெரிய தீவுகளும் இருக்கின்றன.

"குழாய் ஏதாவது மாறிப்போச்சா?" என்று கேட்டேன்.

"நானே போட்டேன் அக்கா. ரெண்டு தரம் பார்த்துட்டேன். மாறல."

குழாய் மாறியிருக்க வேண்டும் என்று என் மனது அந்த நேரத்தில் எவ்வளவு ஆசைப்பட்டது என்பதை நான் கவனித்தேன். இதை நீங்களும் கவனிக்கப் பழக வேண்டும். ஒரு முடிவைக் கேட்டதும் முதலில் எழும் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். என் கேள்வி அறிவியலிலிருந்து வரவில்லை, ரோஷத்திலிருந்து வந்தது.

சுரேன் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். ஆக்லாந்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். சில வாரங்களில் தொலைபேசியில் நேர்காணல். அங்கே உள்ளவர்கள் மூலக்கூறு ஆய்வில் ஆர்வம் கொண்டவர்கள். "உடம்பைப் பார்த்து வகுத்தது தப்பு, டி.என்.ஏ. அதைத் திருத்திடுச்சுன்னு இப்பவே ஒரு கட்டுரை அனுப்பினா, எடுத்த எடுப்புலேயே என்னைக் கவனிப்பாங்க. ஆனா அரணையெல்லாம் உங்களுது. உங்க பேர் இல்லாம இது நிக்காது. நீங்களே உங்க பழைய முடிவு தப்புன்னு ஒத்துக்கிட்டா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க."

"யோசிக்கிறேன்" என்றேன்.

மறுநாள் அவன் மனைவி பிரேமா என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். தேநீர் போட எழுந்த என்னை உட்காரச் சொன்னாள்.

"நௌசோரி பக்கம் என் அண்ணன் வீட்டுல புகுந்து பாத்திரம், துணி, மாடு எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க அக்கா. அண்ணன் குடும்பம் இப்ப எங்க வீட்டுலதான் படுத்திருக்கு. என் பொண்ணுங்க சின்ன சத்தம் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில போயிடறாங்க. இவருக்கு இந்த வேலை கிடைச்சா நாங்க போயிடுவோம். இவரு கண்டுபிடிச்சது பொய்யா?"

"பொய் இல்லை."

"அப்புறம் என்ன? ஒரு பல்லி எந்தத் தீவுக்குச் சொந்தமா இருந்தா யாருக்கு என்ன?"

"ரெண்டு நாள் கொடு பிரேமா" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

அப்போது எனக்கு உதவியவள் மெரே. ஃபிஜியப் பெண். பக்கத்து அறையில் மீன் எலும்பு பார்ப்பவள், என் வயதுக்காரி. நாங்கள் இருவரும் ஃபிஜி ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் எலும்பு ஜெயிக்கணும்னு இருக்கா உனக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு. அதுக்குத்தான் பயப்படறேன். சுரேனும் ஜெயிக்கணும்னு இருக்கு. அவன் நல்லபடியா போய்ச் சேரணும்."

"ரெண்டு ஆசை வெச்சிருக்கிறவ அளக்கக் கூடாது. அரணைங்களை என் மேஜைக்கு அனுப்பு. எது எந்தத் தீவுன்னு எனக்குச் சொல்லாதே."

சாராயத்தில் ஊறிய அரணைகளின் கால்களில் கட்டியிருந்த அடையாளச் சீட்டுகளை வெள்ளைத் துணியால் மறைத்து அவளிடம் கொடுத்தேன். மூன்று தீவின் அரணைகளும் கலந்து கிடந்தன. மெரே தன் பாட்டுக்குச் செதிலையும் எலும்பையும் பார்த்து வகை பிரித்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வெளியே வராந்தாவில் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள். மேஜை மேல் இரண்டு குவியல்கள் இருந்தன. துணியை அவிழ்த்துப் பார்த்தோம். ஒரு குவியலில் தவெயுனி அரணைகள் மட்டும். இன்னொன்றில் விட்டிலேவுவும் மேற்குத் தீவும் கலந்து.

"உன் எலும்பு பொய் சொல்லல" என்றாள் மெரே. "அந்தப் பையன் குழாயும் பொய் சொல்லலன்னா, உன் பாடு கஷ்டம்தான்."

அன்று சாயங்காலம் சுரேனை உட்கார வைத்து மெரே செய்ததைச் சொன்னேன். அவன் முகம் மாறியது.

"அப்ப நீங்க உங்க எலும்பைக் காப்பாத்தறீங்க."

"இல்லை தம்பி. உன் முடிவு தப்புன்னு நான் சொல்லல. உன்னுதும் சரி, என்னுதும் சரின்னு வெச்சுக்கோ. ரெண்டும் உண்மையா இருக்கணும்னா அந்தத் தீவுல என்ன நடந்திருக்கணும்? அதை மட்டும் யோசிச்சுப் பாரு."

அவன் கோபமாகத்தான் இருந்தான். ஆனாலும் நல்ல விஞ்ஞானி. நல்ல கேள்வி ஒன்று கையில் கிடைத்தால் கோபத்தில்கூட அதைக் கீழே வைக்க மாட்டான். மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தட்டுவது நின்றது.

"நாம படிச்சது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ." என்றான் மெதுவாக. "அது அம்மா கிட்டேயிருந்து மட்டும்தான் வரும்."

"ஆமாம்."

"தவெயுனி பக்கமிருந்து எப்பவோ ஒரு பொட்டை அரணை மரத்துண்டுலயோ ஓடத்துலயோ வந்து சேர்ந்து, அங்க இருந்த ஆண் அரணைங்களோட கலந்திருந்தா... மக, பேத்தின்னு எல்லாருக்கும் அவளோட மைட்டோகாண்ட்ரியாதான் போயிருக்கும். சின்னத் தீவு, மத்த தாய்வழியெல்லாம் நாளடைவுல அத்துப் போயிருக்கும். உடம்பு மட்டும் தலைமுறை தலைமுறையா மறுபடியும் விட்டிலேவு மாதிரியே ஆகியிருக்கும்."

"அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். செல்லோட உட்கருவுல இருக்கிற மரபணுவைப் படிச்சாத்தான் தெரியும். அது அப்பா அம்மா ரெண்டு பேர் கிட்டேயிருந்தும் வருது."

"அதுக்கு மாசக்கணக்காகும் அக்கா. நேர்காணல் முடிஞ்சு போயிடும்."

"தெரியும்."

நான் எடுத்த முடிவை அப்போது சொன்னேன். "நீ இப்பவே எழுதறதா இருந்தா நான் தடுக்க மாட்டேன். அரணைங்களைப் பயன்படுத்திக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு யார் கேட்டாலும் சொல்றேன். உடம்பு தப்புச் சாட்சின்னு எழுதற கட்டுரையில என் பேரை மட்டும் போடாதே. ஏன்னா, நான் அதை நம்பல."

ஊரடங்கு நெருங்கிவிட்டதென்று நான்தான் எழுந்தேன். வாசல்வரை வந்தவன், "நானும் இப்ப நம்பல. ஒரு மணி நேரத்துக்கு முந்தி நம்பினேன்" என்றான். கட்டுரையை அவன் எழுதவில்லை. பல பேர் இந்தக் கதையை என் கண்டிப்பைப் பற்றிய கதையாகச் சொல்வார்கள். உண்மையில் நான் இழந்தது ஒன்றுமில்லை. வேலையும் வீடும் எனக்கு இருந்தன. இழக்கக்கூடியவன் அவன்தான். முடிவும் அவனுடையதுதான்.

அதற்குப் பிறகு மின்சாரம் போக ஆரம்பித்தது. மலையில் இருக்கும் அணையை ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தியது. எங்கள் உறைபெட்டியில் மிச்சமிருந்த வால் துண்டுகள் உருகினால் உட்கருவுமில்லை, ஒன்றுமில்லை. மெரேவின் சித்தப்பா மகன் ஒருவன், வாலு பே என்ற துறைமுகப் பகுதியில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே ஜெனரேட்டர் வைத்த குளிர்க்கிடங்கு இருந்தது. மீன் பெட்டி ஒன்றில் ஐஸ் கொட்டி, அதில் எங்கள் குழாய்களை அடுக்கி, மெரேவின் காரில் பட்டப்பகலில் கிளம்பினோம். சுரேனும் நானும் பின் இருக்கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடி. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்க்கு மெரே ஃபிஜிய மொழியில் வணக்கம் சொன்னாள். அவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்தேன்.

"என்ன இது?"

"மோகோ" என்றாள் மெரே. பல்லி, அரணை எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்லும் வார்த்தை. அவர்களில் பலருக்கு அதைக் கண்டாலே பயம்.

சிப்பாய் பட்டென்று பின்னால் நகர்ந்தான். பின்னால் நின்ற இன்னொருவன் சிரித்துவிட்டான். துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு வெட்கமாகிவிட்டது. "நாட்டுல இவ்வளவு நடக்குது, நீங்க மோகோ தூக்கிக்கிட்டுத் திரியறீங்களா?" என்று கேட்டான். மெரே பிறகு எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"நாடு நாளைக்குச் சரியாகும்" என்று அவள் அவனிடம் சொன்னாளாம். "ஐஸ் இன்னிக்கே உருகிடும்."

அவன் கையை வீசிப் போகச் சொன்னான். சுரேன் அன்றுதான் அந்த மாதங்களில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

நேர்காணலில் அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். "என்கிட்ட ரெண்டு சாட்சி இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா பேசுது. காரணம் எனக்கு இன்னும் தெரியல" என்று. அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. ஆசிரியை என்பதால் பிரேமாவுக்குக் குடியேற அனுமதி கிடைத்தது. வருஷக் கடைசியில் குடும்பத்தோடு ஆக்லாந்து போனார்கள். சுரேனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நாடி விமான நிலையத்தில் வழியனுப்பப் போனபோது பிரேமா என்னோடு பேசவில்லை. குழந்தைகளை மட்டும் என்னிடம் போய் முத்தம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

உட்கரு மரபணுவின் முடிவு மறு வருஷம் வந்தது. மேற்குத் தீவு அரணைகள் விட்டிலேவுவோடு சேர்ந்தன. தாய்வழி மட்டும் தவெயுனிக்குப் போனது. சுரேன் யூகித்தது அப்படியே இருந்தது. ஆக்லாந்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப யார் ஜெயிச்சது அக்கா?" என்றான்.

"அந்தப் பொட்டை அரணை. அத்தனை கடல் தாண்டி வந்து, இன்னி வரைக்கும் தன் வழியை விடாம வெச்சிருக்கா பாரு."

கட்டுரையில் அவன் பெயரை முதலில் போட்டேன், பிறகு மெரே, கடைசியில் நான். பெரிய புகழ் எதுவும் வரவில்லை. சில பேர் படித்தார்கள். அதைச் சுட்டி வேறு சிலர் எழுதினார்கள். எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவுவில் வீடு எடுத்துக்கொண்டேன். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள் என்ற பேராசைதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் வாசலில் டாக்சி வந்து நின்றது. இறங்கியவள் பிரேமா. தலை நரைத்திருந்தது. வரதோலியில் மாமியார் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வந்தாளாம். சுரேன் இரண்டு நாள் கழித்து வருகிறானாம்.

இந்தத் தடவை தேநீர் போட விட்டாள். குடித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க மேல பல வருஷம் கோவமா இருந்தேன் அக்கா."

"தெரியும்."

"இவரு ஆஸ்பத்திரியில ஒரு நாள் பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஒருத்தி. ரத்தம் ஏத்தணும், அவசரம். பழைய முறைச் சோதனை ஒரு வகைன்னு சொல்லுது, மரபணு மெஷின் வேற வகைன்னு சொல்லுது. புதுசை நம்புன்னு சிலர், பழசை நம்புன்னு சிலர். இவரு ரெண்டையும் எடுத்துக்கல. யாருக்கும் ஒத்துக்கற பொது ரத்தத்தைக் கொடுங்க, நான் விசாரிக்கறேன்னுட்டார்."

"விசாரிச்சு?"

"அதுக்கு முந்தின வாரம் வேற ஊர்ல அவளுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்க. அது இன்னும் உடம்புல ஓடிக்கிட்டு இருந்திருக்கு. பழைய சோதனை அந்த ரத்தத்தைப் பாத்திருக்கு, மெஷின் அவளோட சொந்த மரபணுவைப் பாத்திருக்கு. ரெண்டு சோதனையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணு தாயும் பிள்ளையுமா வீட்டுக்குப் போனா. இவரு வீட்டுக்கு வந்து கை கழுவிட்டு, பொண்ணுங்களை உக்கார வெச்சு உங்க அரணைக் கதையைச் சொன்னார். நான் அடுப்படியில நின்னு கேட்டேன். அதுக்கு முந்தி அதை முழுசா கேட்டதே இல்ல."

கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தத் தீவுக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. என் வீட்டுக்காரர் வேலையைத் தின்ன பல்லியை நான் ஒரு தடவை பாக்கணும்."

சுரேன் வந்ததும் மெரேவையும் கூப்பிட்டுக்கொண்டு நான்கு பேரும் படகில் போனோம். தாங்க முடியாத வெயில். கரையில் காய்ந்த தென்னோலைகளுக்கு அடியில் அவை சலசலக்கும் சத்தம் கேட்டது. சுரேன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓர் ஓலையைத் தூக்கினான். சுண்டு விரல் கனத்தில், பளபளவென்று, பழுப்பு நிறத்தில் ஓர் அரணை தலையைத் தூக்கிப் பிரேமாவைப் பார்த்தது. அவளும் குனிந்து அதைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றான் சுரேன்.

அரணை வாலைச் சுழற்றி மணலுக்குள் மறைந்தது. பிரேமா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு ஓலையைத் தூக்குங்க. சரியா பாக்கல" என்றாள்.